சாலையில் அடிபட்டுத் துடிக்கும் காட்டு விலங்கைக் கொல்லலாமா? சட்டச் சிக்கல்களும் செய்ய வேண்டியவையும்

வண்டி மோதி இடுப்பொடிந்த மான் சாலையோரத்தில் எழ முயல்கிறது, விழுகிறது, மறுபடி எழ முயல்கிறது. பார்ப்பவர் மனதில் முதலில் எழும் எண்ணம், "இப்படித் தவிக்க விடுவதைவிட ஒரேயடியாக முடித்துவிடலாமே" என்பதுதான். அந்த எண்ணத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்த இடத்தில் ஒரு கல்லையோ கம்பையோ துப்பாக்கியையோ எடுத்தவுடன் நீங்கள் வேறொரு நிலைக்குப் போய்விடுகிறீர்கள். பல நாடுகளின் சட்டத்தில் அந்த நொடியில் உங்கள் பெயர் விபத்தைப் பார்த்தவர் அல்லது விபத்தில் சிக்கியவர் அல்ல. பாதுகாக்கப்பட்ட விலங்கைக் கொன்றவர்.

காட்டு விலங்கைக் கொல்லும் முடிவை எடுக்க உரிமை உள்ளவர் ஒருவர் இருக்கிறார். அவரை அந்த இடத்துக்கு எவ்வளவு சீக்கிரம் வரவைக்க முடியுமோ அவ்வளவு சீக்கிரம் வரவைப்பதே விலங்குக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. கீழே உள்ள படிகள் எல்லாம் அதை நோக்கியவை. படிகளுக்குப் போகும் முன் சட்டம் எப்படிச் சிந்திக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், ஒவ்வொரு படியும் ஏன் என்பது தானாக விளங்கும்.

சட்டம் தனித்தனியாகக் கேட்கும் கேள்விகள்

கருணையால் கொன்றேன் என்று சொன்னால் ஒரே பதிலில் விஷயம் முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. கொல்ல உங்களுக்கு அனுமதி இருந்ததா என்பது ஒரு கேள்வி; இது வன உயிரினச் சட்டத்தின் கீழ் வரும். கொன்ற விதம் விலங்கை வதைத்ததா என்பது இன்னொன்று. இது வதைத் தடுப்புச் சட்டம். எந்த ஆயுதத்தால், எந்த இடத்தில் என்பது ஆயுதச் சட்டத்துக்கும் சாலைச் சட்டத்துக்கும் உரியது. கடைசியாக, உடலை என்ன செய்தீர்கள் என்பது உடைமை பற்றிய கேள்வி. முதல் கேள்வியில் தப்பியவர் நான்காவதில் மாட்டிக்கொள்ளலாம். நல்ல மனதோடு சுட்டவர், பொதுச்சாலையில் சுட்டதற்காக மட்டும் வழக்கைச் சந்திக்கலாம்.

விதிவிலக்கு இருக்கும் நாடுகளிலும், அந்த விதிவிலக்கு உங்களுக்குப் பொருந்தும் என்று நிரூபிக்கும் பொறுப்பு பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். விலங்கு பிழைக்க வழியே இல்லாமல் இருந்தது என்பதை, அது இறந்த பிறகு, கால்நடை மருத்துவர் பார்க்காத நிலையில், எப்படிக் காட்டுவீர்கள்?

இந்தியச் சட்டம்

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972, 'வேட்டை' என்பதை நாம் பேச்சில் சொல்லும் பொருளைவிட மிக விரிவாக வரையறுக்கிறது. கொல்வது, நஞ்சு வைப்பது, பிடிப்பது, பொறியில் சிக்கவைப்பது, காயப்படுத்துவது, உடலின் ஒரு பகுதியை எடுப்பது, இவற்றுக்கு முயல்வது, எல்லாம் வேட்டைதான். இறைச்சிக்காகக் கொன்றாரா, இரக்கத்தால் கொன்றாரா என்று அந்த வரையறை பிரித்துப் பார்ப்பதில்லை. பிரிவு 9 வேட்டையைத் தடை செய்கிறது.

மீள முடியாத அளவுக்கு ஊனமுற்ற அல்லது நோயுற்ற விலங்குக்கு பிரிவு 11 வழி வைத்திருக்கிறது. ஆனால் அதைத் திறக்கும் சாவி மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் இருக்கிறது. சட்டம் மிகுந்த பாதுகாப்புத் தரும் முதல் பட்டியலில் உள்ள விலங்கானால் அவர்தான், காரணங்களைக் குறிப்பிட்டு, எழுத்து மூலம் அனுமதி தர வேண்டும். இரண்டாம் பட்டியல் விலங்குக்கு அவரோ அவர் அதிகாரம் அளித்த அலுவலரோ தரலாம். யானை, சிறுத்தை, மயில் எல்லாம் முதல் பட்டியல். 2022-இல் வந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது பட்டியல்களையே மாற்றி அமைத்தது. பழைய பட்டியலை நினைவில் வைத்துக்கொண்டு "இது சாதாரண விலங்குதானே" என்று முடிவு செய்யாதீர்கள்.

தற்காப்பு வேறு. உங்களையோ மற்றொருவரையோ காப்பாற்ற நல்லெண்ணத்தோடு விலங்கைக் கொன்றாலோ காயப்படுத்தினாலோ அது குற்றமாகாது என்று அதே பிரிவு சொல்கிறது. அடிபட்டுக் கிடக்கும் விலங்கை நீங்களே நெருங்கிப் போய், அது பாய்ந்தது, அதனால் அடித்தேன் என்று சொன்னால் இந்தப் பாதுகாப்பு எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தள்ளி நின்றிருக்கலாமே என்ற கேள்வி உடனே வரும்.

தண்டனை சிறியதல்ல. முதல் பட்டியல் விலங்கு தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. சட்டத்தின் பொதுவான மீறல்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குற்றத்துக்குப் பயன்பட்ட வண்டியைப் பறிமுதல் செய்யவும் வழி இருக்கிறது.

மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960-இல் பிரிவு 13 நம் பேச்சுக்கு மிக நெருக்கமானது. வதைக்காமல் நகர்த்தவே முடியாத அளவுக்குக் காயமடைந்த விலங்கைக் கண்டால், காவலர் நிலைக்கு மேற்பட்ட காவல் அதிகாரி அந்தப் பகுதிக் கால்நடை அலுவலரை அழைக்கலாம். உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்று அவர் சான்றளித்த பின், நடுவரின் (மாஜிஸ்திரேட்) ஆணை பெற்று, விலங்கைக் கொல்ல ஏற்பாடு செய்யலாம். காவல் அதிகாரிக்கே இத்தனை படிகள் வைத்திருக்கிறார்கள். சாலையில் நிற்கும் நமக்கு அந்தச் சட்டம் கொல்லும் உரிமை எதையும் தரவில்லை. இத்தனை கையெழுத்துகளுக்கு நடுவே அந்த விலங்கு எத்தனை மணி நேரம் துடிக்க வேண்டும் என்ற ஆற்றாமை எனக்கு உண்டு. அதனால்தான் அழைப்பு ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

மற்ற நாடுகளில்

எல்லையைத் தாண்டினால் விதி தலைகீழாகிவிடும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் உள்ள 1981-ஆம் ஆண்டின் வன உயிரின, நாட்டுப்புறச் சட்டம் தனிமனிதருக்கே இடம் தருகிறது. மீண்டு வர நியாயமான வாய்ப்பே இல்லாத அளவுக்கு விலங்கு முடமாகியிருந்தது, அந்தக் காயம் தன் சட்டவிரோதச் செயலால் வந்ததல்ல என்று ஒருவர் காட்டினால், அதைக் கொன்றது குற்றமாகாது. காட்ட வேண்டியவர் கொன்றவர்தான். மான்களுக்கான 1991-ஆம் ஆண்டுச் சட்டமும் வேதனையைத் தடுக்கும் நோக்கத்தில் செய்ததற்கு விலக்கு அளிக்கிறது. அங்கேயும் நெடுஞ்சாலையின் நடுக்கோட்டிலிருந்து 50 அடிக்குள் சுட்டு, அதனால் சாலையில் போகிறவருக்கு இடையூறோ ஆபத்தோ நேர்ந்தால் அது தனிக் குற்றம்.

ஜெர்மனியில் சாலையில் அடிபட்ட மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் அந்தப் பகுதியில் வேட்டையாடும் உரிமை பெற்றவர், அதாவது வேட்டை உரிமையாளர், பொறுப்பு. ஓட்டுநர் உடலை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால் அது சட்டவிரோத வேட்டை. 3 ஆண்டு வரை சிறை அல்லது அபராதம். முதுகெலும்புள்ள விலங்கைக் கொல்ல அதற்கான அறிவும் திறமையும் உள்ளவராக இருக்க வேண்டும் என்று விலங்கு நலச் சட்டமும் சொல்கிறது.

ஸ்வீடனின் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. மான், மூஸ் என்னும் பெரிய மான் வகை, காட்டுப்பன்றி, கரடி, ஓநாய், கழுகு போன்றவற்றின் மீது மோதினால், விலங்கு எழுந்து ஓடிப்போயிருந்தாலும், இடத்தை அடையாளமிட்டு 112-ஐ அழைத்துக் காவல்துறையிடம் சொல்வது கட்டாயம். சொல்லாமல் போவது குற்றம். காயமடைந்த விலங்கைத் தடம் பார்த்துத் தேடிப்போய் முடிவு காண, பயிற்சி பெற்ற வேட்டைக்காரர்கள் அழைப்புக்காகக் காத்திருக்கிறார்கள். கொல்லும் பொறுப்பை ஓட்டுநர் தோளிலிருந்து இறக்கி, அறிவிக்கும் பொறுப்பை மட்டும் அவரிடம் விட்டிருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், பறவை தவிர்த்த விலங்கின் மீது மோதிய ஓட்டுநர் அதன் வலியைக் குறைக்க நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும். அங்கே ஒன்றும் செய்யாமல் போவதே சிக்கல்.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அடுத்தடுத்து இருக்கும் ஓரிகனையும் வாஷிங்டனையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் வண்டியில் அடிபட்டு இறந்த மானின் இறைச்சியை அனுமதிச் சீட்டோடு எடுத்துக்கொள்ளலாம். ஓரிகனில், மோதிய வண்டியின் ஓட்டுநர் வேதனையைத் தீர்க்க விலங்கை மனிதாபிமான முறையில் கொன்றிருந்தால் அவர் மட்டும் எடுக்கலாம். உடனே காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். வாஷிங்டனில் இறைச்சி எடுப்பதற்காகக் காயமடைந்த விலங்கைத் தனிநபர் கொல்லக் கூடாது. இரண்டுக்கும் நடுவே ஓடும் ஆற்றின் மறுகரையில் செல்லுபடியான செயல் இந்தக் கரையில் குற்றம். பறவைகளுக்கு, 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் உடன்படிக்கைச் சட்டம் நாடு முழுவதும் பொருந்தும். காயமடைந்த வலசைப் பறவையை காயமடைந்த வன உயிரினங்களைத் தேற்ற உரிமம் பெற்ற மறுவாழ்வாளரிடம் உடனே கொண்டு சேர்க்க மட்டும் எவரும் அனுமதியின்றி எடுக்கலாம். வீட்டில் வைத்து வளர்க்க அந்த விலக்கு உதவாது.

பயணம் போகும் பகுதியின் விதியை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். அங்குள்ள வனத்துறை அல்லது வன உயிரின அமைப்பின் எண்ணைக் கைபேசியில் சேமித்து வையுங்கள். காட்டுச் சாலையில் இணையம் கிடைக்காது.

படி 1: முதலில் மனிதர்கள்

விலங்கின் மீது மோதியவுடன், அல்லது கிடப்பதைப் பார்த்தவுடன், வண்டியைச் சாலையிலிருந்து இறக்கி நிறுத்துங்கள். எச்சரிக்கை விளக்குகளைப் போடுங்கள். பின்னால் வருபவர் தொலைவிலிருந்தே காணும்படி எச்சரிக்கை முக்கோணத்தை வையுங்கள். இரவில் சாலை நடுவே கிடக்கும் விலங்கின் பக்கம் குனிந்து நிற்பவர் மீது அடுத்த வண்டி மோதலாம். யாருக்காவது காயம் இருந்தால் முதலில் ஆம்புலன்ஸ்.

படி 2: தள்ளி நின்று பாருங்கள், சாகிறது என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள்

தவறான கொலைகள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன. வண்டியில் அடிபட்ட ஆந்தை அதிர்ச்சியில் அசையாமல் கண்மூடிக் கிடக்கும். சில மணி நேரத்தில் தெளிந்து பறந்தும் போகும். பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நகரும் விலங்குக்கு முதுகெலும்பு முறிந்துவிட்டது என்று தோன்றும். ஆனால் முதுகுத்தண்டு அதிர்ச்சியில் வரும் தற்காலிகச் செயலிழப்பும், இடுப்பெலும்பு முறிவும் வெளிப்பார்வைக்கு அதேபோல் இருக்கும். வாயில் ரத்தம் என்றால் நுரையீரல் கிழிந்தது என்று பொருளல்ல, நாக்கைக் கடித்திருக்கலாம். அமெரிக்காவின் அப்போசம் என்னும் சிறு பைப் பாலூட்டி ஆபத்தில் செத்ததுபோலவே கிடக்கும். மீள முடியுமா என்பதைக் கால்நடை மருத்துவரே தொட்டுப் பார்த்து, சில நேரம் ஊடுகதிர்ப் படம் எடுத்துத்தான் சொல்கிறார்.

நெருங்கினால் உங்களுக்கும் ஆபத்து. மானின் குளம்பும் கொம்பும் வயிற்றைக் கிழிக்கும். செத்த பாம்பின் தலைகூட அனிச்சையாகக் கடிக்கும். பாலூட்டி கடித்தாலோ கீறினாலோ ரேபிஸ் அச்சம் உண்டு. காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அறிகுறி தோன்றிய பின் அந்த நோயிலிருந்து ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை.

படி 3: அழைப்பு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும். வனத்துறை எண் இருந்தால் அதற்கு, இல்லாவிட்டால் காவல்துறைக்கு. இந்தியாவில் அவசர எண் 112. சாலை நடுவே கிடந்து போக்குவரத்துக்கு ஆபத்து என்றால் அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

சொல்ல வேண்டியவை: சாலையின் பெயர், கிலோமீட்டர் கல்லில் உள்ள எண், எந்தத் திசையில் செல்லும் பக்கம், முடிந்தால் வரைபடச் செயலியில் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை. என்ன விலங்கு என்று உறுதியாகத் தெரியாவிட்டால் பெயரைச் சொல்லாமல் அளவையும் நிறத்தையும் கொம்பையும் விவரியுங்கள். நினைவோடு இருக்கிறதா, தலை தூக்குகிறதா, எந்தக் கால் அசையவில்லை, மூச்சு எப்படி என்று கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள். "செத்துக்கொண்டிருக்கிறது" என்றால் அவசரமில்லை என்று புரிந்துகொள்ளப்படலாம். "உயிரோடு இருக்கிறது, எழ முடியவில்லை, கால்நடை மருத்துவரோடு வர வேண்டும்" என்றால் தேவையானவர் தேவையான பொருளோடு புறப்படுவார்.

பேசியவரின் பெயர், பதவி, புகார் எண், எவ்வளவு நேரத்தில் வருவார்கள் என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். "அவர்கள் வரும்வரை நான் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது?" என்றும் நேரடியாகக் கேளுங்கள். சொன்ன நேரத்தில் வரவில்லையென்றால் மறுபடி அழையுங்கள். இரண்டாவது அழைப்பு தொந்தரவு இல்லை. பல இடங்களில் அதுதான் வண்டியைக் கிளப்புகிறது.

படி 4: காத்திருக்கும் நேரம்

கூட்டத்தை விலக்குங்கள். வெளிச்சத்தைக் கண்ணில் அடிக்காதீர்கள், ஒலிப்பானை நிறுத்தச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், விழுங்க முடியாத விலங்கின் மூச்சுக்குழாயில் அது இறங்கும். துரத்திப் பிடிக்கவும் கட்டவும் முயலாதீர்கள். பிடிபட்ட அச்சத்திலேயே மான் வகைகளின் தசைகள் சிதைந்து, காயத்தால் சாகாத விலங்கு சில நாள் கழித்து அதனால் சாவதுண்டு. கங்காரு போன்ற பைப் பாலூட்டி இறந்து கிடந்தால் பைக்குள் குட்டி இருக்கலாம். மடிக்காம்பைப் பற்றியிருக்கும் குட்டியை இழுத்துப் பிரிக்காமல் மீட்பாளரிடம் சொல்லி, அவர் சொல்வதைச் செய்யுங்கள்.

படம் எடுங்கள், தூரத்திலிருந்து: விலங்கு கிடந்த இடம், உங்கள் வண்டியின் சேதம், டயர் தடம், கிலோமீட்டர் கல். சமூக ஊடகத்தில் அப்போதே போடாதீர்கள். அரைகுறைக் காணொளி ஒன்று உங்களுக்கு எதிரான சாட்சியமாக மாறுவதற்கு அதிக நேரம் ஆகாது.

சிறிய பறவையையோ ஆமையையோ மருத்துவரிடம் கொண்டுபோகச் சொன்னால், யார் சொன்னார், எங்கே சேர்க்கச் சொன்னார் என்பதைக் குறித்துக்கொண்டு நேராக அங்கேயே போங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு இரவு வைத்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் உடைமைக் குற்றத்தின் வாசல். இந்தியாவில் வன உயிரினம் உங்கள் வசம் இருந்தது என்று நிறுவப்பட்டால், அது சட்டப்படியானது என்று காட்ட வேண்டியவர் நீங்கள்தான்.

படி 5: "நீங்களே முடித்துவிடுங்கள்" என்று சொன்னால்

வர முடியாத தூரத்தில் இருக்கும் அலுவலர் சில நேரம் தொலைபேசியில் அப்படிச் சொல்லக்கூடும். ஒப்புக்கொள்ளும் முன் நிறுத்துங்கள். அந்த அனுமதியைத் தர அவருக்கு அதிகாரம் இருக்கிறதா? எழுத்தில், குறைந்தது குறுஞ்செய்தியில் அனுப்புவாரா? எழுத்து ஆணை தேவைப்படும் நாட்டில் வாய்ச்சொல் உங்களைக் காக்காது. அனுப்ப மறுத்தால் நீங்களும் மறுங்கள். மறுப்பது இரக்கமின்மை ஆகாது. வேறு அலுவலரை, அருகிலுள்ள கால்நடை மருத்துவரைத் தேடி அழையுங்கள்.

அனுமதி உண்மையாகவே கிடைத்தாலும் முறை தெரியாதவர் செய்யக் கூடாது. முதல் அடியில் நினைவிழக்காத விலங்குக்கு இரண்டாவது அடி வதை. வண்டியை மறுபடி ஏற்றுவது, கழுத்தை அறுப்பது, நீரில் மூழ்கடிப்பது, நஞ்சூட்டுவது எதுவும் கருணைக்கொலை ஆகாது. நீரில் மூழ்கடிப்பது கருணைக்கொலை முறையே அல்ல என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல் வெளிப்படையாகச் சொல்கிறது. துப்பாக்கி உரிமம் இருப்பவருக்கும், அந்த உரிமம் பொதுச்சாலையில் சுட அனுமதி தந்ததாகாது. தார்ச்சாலையில் பட்ட குண்டு எங்கே தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ரேபிஸ் சந்தேகம் இருந்தால் தலையைச் சிதைத்துவிடக் கூடாது. பரிசோதனைக்கு மூளைத் திசு வேண்டும்.

படி 6: இறந்த பிறகு

உடலை நகர்த்தாதீர்கள்; போக்குவரத்துக்கு ஆபத்து என்றால், சொல்லிவிட்டு, கையுறையோடு ஓரத்துக்கு மட்டும். இறகு, நகம், பல், கொம்பு எதையும் நினைவுக்காக எடுக்காதீர்கள். இந்தியாவில் இறந்து கிடந்த வன விலங்கும், தவறுதலாகக் கொல்லப்பட்டதும் அரசின் சொத்து. வசம் வந்தால் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும். மருத்துவர் ஊசி போட்டுக் கருணைக்கொலை செய்திருந்தால், உடலை எப்படி அகற்றுகிறார்கள் என்று கேளுங்கள். அந்த ஊசியில் பயன்படும் பென்டோபார்பிட்டால் மருந்து உடலில் நிலைத்திருக்கும். அதைத் தின்னும் கழுகும் பிணந்தின்னியும் செத்துவிழும்.

காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லும்போது புகார் எண்ணும் படங்களும் உதவும். ஜெர்மனியில் காவல்துறையோ வேட்டை உரிமையாளரோ தரும் விபத்துச் சான்று இல்லாமல் இழப்பீடு கேட்பது கடினம்.

ஏற்கெனவே கொன்றுவிட்டீர்கள் என்றால்

அந்த இடத்திலேயே இருங்கள். உடலைப் புதைப்பது, காட்டுக்குள் இழுத்துப் போடுவது, வண்டியைக் கழுவுவது எல்லாம் ஒரு கருணைச் செயலை மறைக்கப்பட்ட குற்றமாக மாற்றிவிடும். உடனே வனத்துறைக்கும் காவல்துறைக்கும் நீங்களே அழைத்து, விலங்கு கிடந்த நிலையையும் நேரத்தையும் உண்மையாகச் சொல்லுங்கள். உடன் இருந்தவர்களின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். உடற்கூறு ஆய்வு செய்யுமாறு நீங்களே எழுதிக் கேளுங்கள். முதலில் மோதியதால் வந்த முறிவு எது, பின்னர் வந்த காயம் எது என்று அந்த அறிக்கைதான் பிரித்துக் காட்டும். விலங்கு பிழைத்திருக்க முடியாது என்பதற்கு உங்களிடம் கிடைக்கக்கூடிய வலுவான சான்றும் அதுவே. விரிவான வாக்குமூலத்தில் கையெழுத்திடும் முன், வன உயிரின வழக்குகளில் பழக்கமுள்ள வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிடுங்கள்.